இ4 இரண்டு பிரதி: நிச்சயம் வருமா, தம்பியிடம் சொல்வதா?

கேள்வி, 2025 செப்டம்பர் 2

அம்மாவுக்கு 70 வயதில் அல்சைமர் என்று சொன்னார்கள். பெரியம்மாவுக்கும் அதே. எனக்கு 41 நடக்கிறது. எச்சில் அனுப்பிப் பார்க்கும் சோதனை ஒன்றைச் செய்தேன், பூர்வீகம் தெரிந்துகொள்ளத்தான். அதில் ஏபிஓஇ என்ற மரபணு இ4/இ4 என்று வந்துவிட்டது. இணையத்தில் தேடினால் 12 மடங்கு, 15 மடங்கு என்கிறார்கள். எனக்கு நிச்சயம் வருமா? அம்மா வழியில் வந்தது என்றுதானே அர்த்தம்? தம்பிக்கு 36. அவனிடம் இன்றே சொல்லிவிடலாமா? தூக்கம் போய்விட்டது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செப்டம்பர் 2, இரவு

நிச்சயம் இல்லை. இதை முதலில் மனதில் வாங்கிக்கொண்டு மற்றதைப் படியுங்கள்.

நான் மருத்துவர் இல்லை. அல்சைமர் வந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டிருப்பவள். எங்கள் வீட்டிலும் இதே இ4/இ4 வந்தது. அதன் பிறகு கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன், பார்த்த மருத்துவர்களையெல்லாம் கேட்டேன்.

இந்த நோயில் மரபணு இரண்டு விதமாக வேலை செய்கிறது. ஒரு விதத்தில், ஒரே ஒரு மாற்றம் போதும், நோய் ஏறக்குறையக் கட்டாயம். 21ஆம் குரோமோசோமில் இருக்கும் ஏபிபி, 14இல் இருக்கும் பிரிசெனிலின் 1, முதல் குரோமோசோமில் இருக்கும் பிரிசெனிலின் 2 ஆகிய மூன்றில் ஏற்படும் சில மாற்றங்கள் இப்படி. 30, 40, 50 வயதுகளிலேயே நோய் தலைகாட்டும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆனால் மொத்த நோயாளிகளில் இவர்கள் நூற்றில் ஒருவர் தேறினாலே அதிகம். உங்கள் அம்மாவுக்கு வந்தது 70 வயதில். இந்த வகையாகத் தெரியவில்லை.

ஏபிஓஇ அடுத்த விதம். 19ஆம் குரோமோசோமில் இருக்கிறது, எல்லோருக்கும் இருக்கிறது, ஆளுக்கு இரண்டு பிரதி. கொழுப்பை இங்கிருந்து அங்கே சுமக்கும் ஒரு புரதத்தைச் செய்யச் சொல்லும் மரபணு அது. இ2, இ3, இ4 என்று மூன்று வடிவங்கள். பெரும்பாலோரிடம் இருப்பது இ3. இ2 கொஞ்சம் காக்கிறது, இ4 ஆபத்தைக் கூட்டுகிறது. 1993இல் டியூக் பல்கலைக்கழகத்தில் ஆலன் ரோசஸின் குழு இதைக் கண்டுபிடித்துச் சொன்னது. முதுமையில் வரும் அல்சைமருக்கு இன்று வரை தெரிந்த மரபணுக் காரணிகளில் இதுதான் பெரியது. ஆனாலும் இ4 ஒன்றுகூட இல்லாமல் அல்சைமர் வந்தவர்கள் ஏராளம். இரண்டு இ4 வைத்துக்கொண்டு 85 தாண்டித் தெளிவாக இருப்பவர்களும் உண்டு.

மடங்குக் கணக்கைத் தள்ளிவையுங்கள். எதனுடைய 12 மடங்கு என்று தெரியாதவரை அந்த எண்ணால் பயம் மட்டும்தான் வரும். அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம், நெதர்லாந்தின் ராட்டர்டாம் உள்ளிட்ட ஆய்வுகளைச் சேர்த்து 2017இல் ஒரு கணக்கு வந்தது. 85 வயதுக்குள் லேசான அறிவாற்றல் குறைவோ அல்சைமர் மறதிநோயோ வரும் வாய்ப்பு, இ4 இல்லாதவர்களுக்கு நூற்றுக்கு 10 முதல் 15. ஒன்று இருந்தால் 20 முதல் 25. இரண்டு இருந்தால் 30 முதல் 55. சிறிய எண் இல்லை, மறுக்கவில்லை. ஆனால் உங்களைப் போன்ற நூறு பேரை நிறுத்தினால் ஏறக்குறையப் பாதிப்பேரோ அதற்கு மேலோ 85 வரை நோய் இல்லாமல் போகிறார்கள் என்பதும் அதே எண்ணில்தான் இருக்கிறது.

தம்பி விஷயம் பெரியது. அதை நாளை எழுதுகிறேன். இன்று சொல்ல வேண்டாம்.

செப்டம்பர் 3, காலை

ஒன்று விட்டுப்போயிற்று. தபாலில் எச்சில் அனுப்பிச் செய்யும் சோதனையை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். மருத்துவர் எழுதிக்கொடுத்து, முறையான ஆய்வகத்தில் ரத்தம் கொடுத்து ஒருமுறை உறுதி செய்யுங்கள். இ3க்கும் இ4க்கும் வித்தியாசம் அந்தப் புரதத்தின் 112ஆம் இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம். அங்கே சிஸ்டீன் இருந்தால் இ3, ஆர்ஜினின் இருந்தால் இ4. இ2வை 158ஆம் இடம் பிரித்துக் காட்டும். இரண்டே எழுத்துகளைச் சரியாக வாசிக்கிற வேலைதான், ஆனால் மாதிரி மாறிப்போவது எங்கும் நடக்கக்கூடியது.

செப்டம்பர் 3, இரவு

அம்மா வழியில் வந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். பாதிதான். உங்களிடம் இரண்டு இ4 இருந்தால் ஒன்று அம்மா கொடுத்தது, மற்றது அப்பா கொடுத்தது. வேறு வழியே இல்லை. அப்பா பக்கத்தில் யாருக்கும் மறதி இல்லை என்பீர்கள். இருக்கலாம். ஒரு பிரதியோடு 90 வரை நன்றாக இருந்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. நோய் வரும் வயதுக்கு முன்பே வேறு காரணத்தால் இறந்தவர்களும் உண்டு. குடும்ப வரலாறு கேட்கும்போது அம்மா பக்கத்தை மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள்.

தம்பி கணக்கு இப்படி. அம்மா, அப்பா இருவரிடமும் ஒவ்வொரு இ4 என்று வைத்துக்கொண்டால், தம்பிக்கு இரண்டு இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு, ஒன்று இருக்க பாதி, ஒன்றுகூட இல்லாமல் இருக்க நான்கில் ஒன்று. அம்மாவிடமே இரண்டு இருந்தால் தம்பிக்கு ஒன்றாவது கட்டாயம். உங்களுக்குப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் ஒன்று கட்டாயம், அவர்களைச் சோதிக்க வேண்டிய தேவையே இல்லாமல்.

அதாவது, நீங்கள் எச்சில் கொடுத்தது உங்களுக்காக. முடிவு வந்தது ஒரு குடும்பத்துக்கே. இந்தச் சோதனையைப் பற்றி நான் சொல்ல நினைப்பதில் முக்கால்வாசி இந்த ஒன்றுதான்.

செப்டம்பர் 5

எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். எழுதுகிறேன்.

அம்மா கணக்கு வாத்தியார். ஓய்வு பெற்ற பிறகும் வரவு செலவு நோட்டில் ஒருநாள் தவறாமல் எழுதுவார். மறதி என்று நாங்கள் எதையும் கவனிக்கவில்லை. கவனித்தது மருத்துவர். வெள்ளைத்தாளைக் கொடுத்து, கடிகாரம் ஒன்று வரையுங்கள், மணி பதினொன்று பத்து காட்டுங்கள் என்றார். அம்மா வட்டத்தை அளவெடுத்த மாதிரி போட்டார். 12, 3, 6, 9 முதலில், மற்ற எண்கள் பிறகு, ஒரு வாத்தியார் போடுகிற ஒழுங்கில். அப்புறம் ஒரு முள்ளை 11க்கும் இன்னொரு முள்ளை 10க்கும் இழுத்தார். பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். பத்து நிமிடத்துக்கு முள் 2இல் நிற்க வேண்டும் என்பது அவர் ஆயிரம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்.

பிறகு ஸ்கேன், மற்ற சோதனைகள். ஆரம்பக் கட்டம் என்பதால் லெக்கானமாப் என்ற மருந்தைப் பற்றிப் பேச்சு வந்தது. அந்த மருந்துக்கு முன் ஏபிஓஇ பார்க்க வேண்டும் என்றார்கள். யாரும் அதற்கு மேல் எதையும் விளக்கவில்லை. நாங்களும் சர்க்கரை, உப்பு பார்ப்பது போல இன்னொரு ரத்தப் பரிசோதனை என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டோம்.

முடிவு வாங்கப் போகும்போது அண்ணன், அக்கா, நான் மூவரும் அம்மாவோடு போனோம். காரில் அண்ணன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "அம்மாவுக்கு என்ன செய்யணுமோ செய்வோம். எனக்கு வருமா வராதான்னு மட்டும் எவனும் சொல்லக்கூடாது. எனக்கு அது வேண்டாம்." உள்ளே மருத்துவர் திரையை எங்கள் பக்கம் திருப்பி, "இரண்டு பிரதி. அப்படின்னா பிள்ளைங்க எல்லாருக்கும் ஒண்ணாவது இருக்கும்" என்றார். ஒரே மூச்சில். அண்ணன் அம்மாவின் கைப்பை ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். கார் எடுத்து வருகிறேன் என்று எழுந்து போனார்.

அந்த மருத்துவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. அம்மாவுக்கு எழுதிய சோதனை எங்கள் மூவரையும் சோதிக்கிறது என்று ரத்தம் எடுக்கும் முன்பு ஒருவர், ஒரே ஒருவர், எங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். அண்ணன் அன்று வீட்டிலேயே இருந்திருப்பார். அம்மாவின் முடிவை அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டோம். அவருக்கு அந்த உரிமை இருந்தது. எனக்கு இதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

செப்டம்பர் 5, அதன் பிறகு

மருந்து கொடுத்தீர்களா என்ற கேள்விக்கு: இல்லை. லெக்கானமாப் மருந்தை நோயாளிகளிடம் சோதித்த ஆய்வில் மூளையில் நீர்கோத்து வீங்கும் பக்கவிளைவு இ4 இல்லாதவர்களில் நூற்றுக்கு 5.4 பேருக்கு வந்தது. ஒரு பிரதி உள்ளவர்களில் 10.9. இரண்டு உள்ளவர்களில் 32.6. பலருக்கு அது ஸ்கேனில் மட்டும் தெரிந்து தானே அடங்கிவிடும், சிலருக்கு ஆபத்தாகும். ரத்தக் கசிவும் அதே மாதிரி இ4 கூடக் கூடக் கூடுகிறது. பிரிட்டனில் 2024இல் அனுமதி கொடுத்தபோதே இரண்டு பிரதி உள்ளவர்களை விலக்கித்தான் கொடுத்தார்கள். 18 மாதத்தில் நோய் நகரும் வேகம் 27 சதவீதம் குறைந்தது என்பது அந்த மருந்தின் பலன். அம்மாவின் வயதில், அந்தப் பலனுக்கு அந்த ஆபத்தை ஏற்க எங்களுக்கு மனம் வரவில்லை. வேறு வீட்டில் வேறு முடிவு எடுக்கலாம்.

கவனியுங்கள், மரபணு சோதனைக்கு நேரடியான மருத்துவப் பயன் இங்கேதான் இருக்கிறது. நோய் வந்தவருக்கு, மருந்து தொடங்கும் முன்.

செப்டம்பர் 7

"2024 ஆய்வில் இரண்டு பிரதி என்றால் அதுவே ஒரு தனி நோய், கட்டாயம் வரும் என்று சொல்லிவிட்டார்களே, நீங்கள் ஏன் ஆறுதல் சொல்கிறீர்கள்" என்று ஒருவர் கேட்கிறார். நியாயமான கேள்வி.

பார்சலோனாவில் ஹுவான் ஃபோர்தேயா குழு செய்தது அது. இரண்டு இ4 உள்ளவர்களில் 65 வயதில் ஏறக்குறைய எல்லோருக்கும் தண்டுவட நீரில் அமைலாய்டு (இந்த நோயில் மூளையில் படியும் புரதம்) அளவு மாறியிருந்தது. ஸ்கேனில் நான்கில் மூன்று பேருக்கு அமைலாய்டு தெரிந்தது. அறிகுறிகள் தொடங்கும் வயது சராசரியாக 65ஐ ஒட்டி இருந்தது. அதை வைத்து, இதை வெறும் ஆபத்துக் காரணி என்று சொல்லாமல் நோயின் ஒரு மரபணு வடிவமாகவே கருதலாம் என்றார்கள். கனமான ஆய்வு, தள்ள முடியாது.

ஆனால் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, மூளையில் அமைலாய்டு படிவது வேறு, ஞாபகம் போவது வேறு. படிந்தும் தெளிவாக இருப்பவர்களைப் பிரேதப் பரிசோதனைகளில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறார்கள். இரண்டு, அந்தத் தரவில் பெரும்பகுதி ஆராய்ச்சி மையங்களுக்குத் தாங்களாக வந்தவர்களும் மூளைதானம் செய்தவர்களும். வீட்டில் மறதியைப் பார்த்தவர்கள்தான் அங்கே அதிகம் போவார்கள். ஊரில் எல்லோரையும் எடுத்துப் பார்த்த ஆய்வுகளில் எண் குறைவாக வருவது அதனால்தான். முதல் நாள் நான் கொடுத்த 30 முதல் 55 என்ற அகலமான இடைவெளிக்கும் அதுவே காரணம்.

அந்த ஆய்வில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளி. இது சின்னக் குறிப்பு இல்லை. இ4 எல்லா மக்களிடமும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. ஜப்பானியர் உள்ளிட்ட கிழக்கு ஆசியரிடம் அதன் பாதிப்பு கூடுதல். ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் குறைவு. நைஜீரியாவின் இபாடானில் யொருபா மக்களிடம் இ4 பரவலாக இருக்கிறது, ஆனால் அங்கே செய்த ஆய்வுகளில் அல்சைமரோடு அதன் தொடர்பு பலவீனமாகத்தான் வந்தது. இந்தியாவில் டெல்லிக்குப் பக்கத்தில் பல்லப்கரில் கிராமத்து முதியவர்களிடம் பார்த்தபோது இ4 உள்ளவர்களே குறைவு, அல்சைமரும் குறைவு, ஆனால் இரண்டுக்கும் உள்ள தொடர்பு மேலை நாட்டில் பார்த்த அளவுக்கே இருந்தது. ஆக, யாரைப் பார்த்துக் கணக்கெடுத்தார்கள் என்று கேட்காமல் எந்தச் சதவீதத்தையும் உங்கள் தலையில் ஒட்டிக்கொள்ளாதீர்கள்.

பெண்களுக்கு இன்னொன்று. ஒரு பிரதி இ4 உள்ளவர்களில் 65 முதல் 75 வயது வரை ஆண்களைவிடப் பெண்களுக்கு ஆபத்து கூடுதல். அந்த வயதைத் தாண்டினால் வித்தியாசம் மங்கிவிடுகிறது.

செப்டம்பர் 8

வேறு மரபணுக்கள் இல்லையா என்றால், நிறைய இருக்கின்றன. 2022இல் வந்த பெரிய தொகுப்பில் 75 இடங்கள். ட்ரெம்2, சார்ல்1, ஏபிசிஏ7, பின்1, க்ளு, பிக்கால்ம் என்று பட்டியல் நீளும். பெரும்பாலானவை தனித்தனியாக ஆபத்தை மிகச் சிறிதே அசைக்கின்றன. ட்ரெம்2வில் ஒரு அரிய மாற்றம் மட்டும் இ4 ஒரு பிரதி அளவுக்குக் கனமானது. அது மூளையின் துப்புரவு செல்களான மைக்ரோகிளியாவில் வேலை செய்யும் மரபணு. அமைலாய்டு எவ்வளவு உற்பத்தியாகிறது என்பதைவிட எவ்வளவு அகற்றப்படுகிறது என்பதில்தான் முதுமை அல்சைமரின் முடிச்சு இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் அந்தப் பக்கம் திரும்ப இதுவும் ஒரு காரணம். இ4 புரதமும் அமைலாய்டை மெதுவாகத்தான் வெளியேற்றுகிறது.

டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு ஏன் சீக்கிரம் வருகிறது என்று கேட்டவருக்கு: அவர்களிடம் 21ஆம் குரோமோசோம் மூன்று பிரதி. ஏபிபி அதில்தான் இருக்கிறது. அமைலாய்டின் மூலப்பொருளே ஒன்றரை மடங்கு.

செப்டம்பர் 10

கொலம்பியாவைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. அந்தியோக்கியா மலைப்பகுதியில் ஒரு பெரிய குடும்பக் கிளை, பிரிசெனிலின் 1இல் இ280ஏ என்ற மாற்றம். முதல் நாள் சொன்ன கட்டாய வகை. 44 வயது வாக்கில் தடுமாற்றம், 49 வாக்கில் மறதிநோய். பிரான்சிஸ்கோ லோபெரா என்ற நரம்பியல் மருத்துவர் அந்த வீடுகளுக்குப் பல பத்தாண்டுகள் நடந்து நடந்து போய்ப் பதிவு செய்தார். 2024இல்தான் காலமானார்.

அந்தக் குடும்பத்தில் ஒரு பெண்மணிக்கு மாற்றம் இருந்தும் 70 வயதைத் தொடும்வரை ஒன்றும் ஆகவில்லை. ஸ்கேனில் பார்த்தால் மூளை நிறைய அமைலாய்டு. ஆனால் இந்த நோயில் மூளைச் செல்களுக்குள் முறுக்கிக்கொள்ளும் டௌ என்ற புரதத்தின் சிக்கல் மிகக் குறைவு. மரபணுவைத் தேடியபோது அவரிடம் ஏபிஓஇ3இல் கிறைஸ்ட்சர்ச் என்ற அரிய மாற்றம் இரண்டு பிரதி இருந்தது. 2019இல் வெளியிட்டார்கள். ஒரே ஒரு பிரதி இருந்த 27 உறவினர்களை 2024இல் பார்த்தபோது அவர்களுக்கும் நோய் ஐந்து ஆண்டுபோலத் தள்ளிப்போயிருந்தது.

கட்டாயம் என்று எழுதிவைத்த இடத்திலேயே ஏபிஓஇயின் இன்னொரு வடிவம் முப்பது வருடத்தை மீட்டுக் கொடுத்திருக்கிறது. இதைப் படித்த அன்று அக்காவுக்குப் போன் போட்டு அரைமணி நேரம் பேசினேன்.

செப்டம்பர் 11

சோதனை முடிவைத் தெரிந்துகொள்வது நல்லதா, தெரியாமல் இருப்பதே மேலா என்று இங்கே மற்றவர்களிடையே பேச்சு சூடாகப் போயிருக்கிறது. இரு பக்கமும் ஆய்வு இருக்கிறது.

அமெரிக்காவில் ராபர்ட் கிரீன் குழு, அல்சைமர் நோயாளிகளின் பிள்ளைகளிடம் ஏபிஓஇ முடிவைச் சொல்லியும் சொல்லாமலும் ஒரு வருடம் பார்த்தது. 2009இல் வெளியானது. தெரிந்துகொண்டவர்களுக்குக் கவலையோ மனச்சோர்வோ கூடுதலாகவில்லை. இதைக் காட்டித்தான் "சொன்னால் ஒன்றும் ஆகாது" என்கிறார்கள். அவர்களுக்கு முடிவுக்கு முன்னும் பின்னும் ஆலோசகர் உட்கார்ந்து பேசினார் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். காலை எழுந்து மின்னஞ்சலைத் திறந்தவர்கள் இல்லை அவர்கள்.

இன்னொன்று 2014இல் வந்தது. இ4 இருப்பது தெரிந்த முதியவர்கள், இ4 இருந்தும் தெரியாதவர்களைவிடத் தங்கள் ஞாபகசக்தியைக் குறைவாக மதிப்பிட்டார்கள். ஞாபகத் தேர்விலும் குறைவாக எடுத்தார்கள். மரபணு ஒன்றுதான், வித்தியாசம் தெரிந்ததிலும் தெரியாததிலும். எனக்கு இது புரிகிறது. சாவி எங்கே வைத்தேன் என்று தேடும் ஒவ்வொரு முறையும் அம்மாவின் கடிகாரம் கண்ணில் வருகிறது. அம்மாவின் முடிவு தெரியும் முன்பும் சாவியைத் தேடியிருக்கிறேன். அப்போது அது வெறும் சாவி.

ஜேம்ஸ் வாட்சனின் முழு மரபணுத் தொகுப்பை 2007இல் வெளியிட்டபோது ஏபிஓஇயை மட்டும் மறைக்கச் சொன்னார். டிஎன்ஏயின் வடிவத்தைக் கண்ட மனிதர், பாட்டிக்கு அல்சைமர் இருந்தவர். மறைத்தார்கள். ஆனால் பக்கத்தில் இருக்கும் எழுத்துகளை வைத்தே உள்ளே என்ன இருக்கும் என்று ஊகித்துவிடலாம் என்று வேறு விஞ்ஞானிகள் சுட்டிக்காட்ட, சுற்றியிருந்த பகுதியையும் சேர்த்து நீக்க வேண்டியதாயிற்று. எங்கள் அண்ணன் விஷயத்தில் பக்கத்து எழுத்து நாங்கள்தான்.

செப்டம்பர் 11, இன்னொன்று

காப்பீடு. அமெரிக்காவில் 2008 சட்டம் மருத்துவக் காப்பீட்டிலும் வேலையிலும் மரபணுவை வைத்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. ஆயுள் காப்பீட்டையும் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டையும் அது தொடவில்லை. ஒவ்வொரு நாட்டிலும் விதி வேறு. மருத்துவர் மூலம் சோதனையை உறுதி செய்யும் முன் உங்கள் நாட்டு விதியைப் பாருங்கள், ஏனென்றால் அது உங்கள் மருத்துவப் பதிவில் ஏறிவிடும். எச்சில் சோதனை செய்யும் ட்வென்டித்ரீ அண்ட் மீ நிறுவனம் 2025 மார்ச்சில் திவால் பாதுகாப்பு கேட்டபோது, தரவை அழித்துவிடுங்கள் என்று கலிபோர்னியாவின் அட்டர்னி ஜெனரலே மக்களைக் கேட்டுக்கொண்டார். எச்சில் கொடுத்த நிறுவனம் எதுவானாலும் அழிக்கும் வசதி இருக்கிறதா என்று பார்த்து வையுங்கள்.

செப்டம்பர் 14

தம்பியிடம் எப்படிச் சொல்வது என்று திரும்பக் கேட்டிருக்கிறீர்கள். முதல் நாள் "இன்று சொல்ல வேண்டாம்" என்று மட்டும் எழுதியிருந்தேன். இடையில் யோசித்ததில், சொல்வதா வேண்டாமா என்ற முடிவே உங்களுடையதாக இருக்கக்கூடாது என்று தோன்றுகிறது. அவரிடம் கேளுங்கள். முடிவை முகத்தில் காட்டாமல் கேட்பதுதான் கஷ்டம். அதனால் அவர் எதிரில் வேண்டாம், போனில் கேளுங்கள். "அம்மா நோய் சம்பந்தமா ஒரு சோதனை இருக்கு. யாராவது ஒருத்தர் செஞ்சா மத்தவங்களைப் பத்தியும் கொஞ்சம் தெரிஞ்சிடும். நம்ம வீட்ல அதைத் தெரிஞ்சுக்கணும்னு உனக்கு ஆசையா, வேண்டாமா? இப்பவே பதில் சொல்லாதே." அவ்வளவுதான். அவர் "நீ செஞ்சியா" என்று நேராகக் கேட்டால் பொய் சொல்லாதீர்கள். "அதைப் பத்திப் பேசணுமான்னுதான் கேக்கறேன்" என்று நிறுத்துங்கள்.

அவர் வேண்டாம் என்றாலும் ஒரு விஷயத்தை மறைக்கத் தேவையில்லை. அம்மாவுக்கு அல்சைமர் என்பது அவருக்குத் தெரியும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலே பிள்ளைக்கு ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பு என்பது ஏபிஓஇ பார்க்காமலே தெரிந்த கணக்கு. உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்ல அது போதும்.

செப்டம்பர் 15

என்ன பார்த்துக்கொள்வது என்று கேட்டவருக்கு. இ4ஐ மாற்ற முடியாது. ஆனால் லான்செட் மருத்துவ இதழின் குழு 2024இல் சொன்னபடி மறதிநோயில் ஏறக்குறைய 45 சதவீதம் 14 காரணிகளோடு சம்பந்தப்பட்டது, அவை மாற்றக்கூடியவை. காது மந்தம், உயர் ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, சர்க்கரை, புகை, தலைக்காயம், உடலுழைப்பின்மை, தனிமை, சரிசெய்யாத பார்வைக் குறை இப்படி. பின்லாந்தில் செய்த ஃபிங்கர் பரிசோதனையில் உணவு, உடற்பயிற்சி, மூளைப்பயிற்சி, ரத்தநாளக் கவனிப்பு என்று சேர்த்துச் செய்தபோது இ4 உள்ளவர்களுக்கும் பலன் இருந்தது. இ4 இருந்தால் எதைச் செய்தாலும் வீண் என்ற பேச்சுக்கு அதில் இடமில்லை.

எனக்குத் தனிப்பட்ட முறையில் இதில் பிடித்தது காதுக் கருவி. அக்காவுக்குக் கொஞ்ச நாளாகக் காது மந்தம், வயதாகிவிட்டதாகக் காட்டும் என்று போட மறுத்துக்கொண்டிருந்தார். அம்மாவின் முடிவு வந்த பிறகு வாங்கிப் போட்டுக்கொண்டார்.

செப்டம்பர் 21

அண்ணனிடம் பேசினேன், இந்த விவாதத்தைப் பற்றியும் சொன்னேன். எழுதச் சம்மதம் கேட்டேன், கொடுத்தார். அவர் சொன்னது: "ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. ரெண்டா இருக்குமோன்னு எனக்கு இப்பவும் வேண்டாம். அந்த ரெண்டாவதை அப்பாவோட வெச்சிடு." அப்பா 60 ஆவதற்கு முன்பே மாரடைப்பில் போய்விட்டவர். அவரிடம் என்ன இருந்தது என்று தெரிந்துகொள்ள இனி எங்களைச் சோதித்தால்தான் உண்டு. நானும் அக்காவும் சோதனை செய்துகொள்ளவில்லை. செய்வதாக இருந்தால் அவரிடம் சொல்லாமல் செய்வது என்று முடிவு. ரத்த அழுத்த மாத்திரையை இப்போது ஒருநாளும் விடுவதில்லை என்று அண்ணி சொன்னார்.

செப்டம்பர் 26

உங்கள் பதிலைப் பார்த்தேன். ஆய்வக முடிவும் இ4/இ4 என்றே வந்துவிட்டது, தம்பி "குழந்தை பிறக்கட்டும், அப்புறம் கேக்கறேன்" என்றிருக்கிறார். அப்படியானால் காத்திருங்கள். அவர் கேட்கிறேன் என்று சொன்னால் கேட்பார், கேட்காவிட்டாலும் அதுவும் ஒரு பதில். காகிதத்தை அவர் கை படாத இடத்தில் வையுங்கள். உங்கள் கணவருக்கும் மருத்துவருக்கும் தெரிந்திருப்பது நல்லது. உறவில் வேறு யாரிடமும் இப்போது வேண்டாம், சித்தி காதுக்குப் போனால் தம்பி காதுக்குப் போகும்.

அடுத்த முறை நரம்பியல் மருத்துவரைப் பார்க்கும்போது இரண்டு கேள்வி எழுதிக்கொண்டு போங்கள். அறிகுறி இல்லாத எனக்கு இப்போது ஏதாவது செய்ய வேண்டுமா? அம்மாவுக்கு மருந்து பற்றி யோசிக்கிறார்களா, யோசித்தால் ஏபிஓஇ பார்க்கும் முன் எங்கள் வீட்டில் யார் யாரிடம் பேச வேண்டும்? இரண்டாவது கேள்விக்கு அவர் முழித்தால் மரபணு ஆலோசகரிடம் அனுப்பச் சொல்லுங்கள்.